யாழ்ப்பாணம் தந்த விளையாட்டு வீரர்கள்

வீரனுக்குக் கல் நட்டு வழிபட்டவர் தமிழர். ஆநிரை மீட்கச் சென்று அம்புபட்டு வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் பொறித்து, வழிச்செல்வோர் கண்டு செல்லும் இடத்தில் நாட்டினர். காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நடுகல் பெற்றவன் பெரும்பாலும் பேரரசன் அல்லன், ஊரான். அவ்வூரார் அறிந்தவன். அவனை மறவாதிருக்கும் பொறுப்பும் அவ்வூரார் மேலதாகவே இருந்தது.

இன்றைய விளையாட்டு வீரர்க்கும் இது பொருந்தும். தலைநகரில் பிறந்து, செய்தித்தாளும் தொலைக்காட்சியும் சூழ வளர்ந்த வீரனை நாடே நினைவில் வைத்துக் கொள்கின்றது. சிறிய நகரம் ஒன்றில் பிறந்தவன் ஒரு நாள் வென்று மறுநாள் மறக்கப்படுகிறான். அவனை நினைவில் நிறுத்தத்தக்கவர் அவன் ஊராரே. அந்த ஊரே சிதறிப்போனால் என்ன ஆகும்? இவ்வினாவோடுதான் நாம் யாழ்ப்பாணத்தை நோக்குகின்றோம்.

யாழ்ப்பாண நகரம் பெரியதன்று. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் ஒரு லட்சத்திற்கும் குறைவு. ஆயினும் அந்நகரும் அதனைச் சூழ்ந்த குடாநாட்டுச் சிற்றூர்களும் விளையாட்டுக்குத் தந்த கொடை அவற்றின் அளவுக்கு மிகுந்தது. கிளித்தட்டு போன்ற நாட்டுப்புற ஆட்டங்கள் முன்பே அங்கு வேரூன்றி இருந்தன. மேனாட்டு ஆட்டங்களைக் கொணர்ந்தவை பள்ளிகள். 1816இல் தோன்றிய மத்திய கல்லூரியும் 1823இல் தோன்றிய பரியோவான் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட் போட்டியில் மோதி வருகின்றன. ‘வடக்கின் பெரும்போர்’ என்பது அப்போட்டிக்கு மக்கள் இட்ட பெயர். பின்னாளில் உண்மையான போர் வந்தபோது இப்பெயர் எத்துணை மென்மையானது என்பது விளங்கியது.

இவ்விடத்தே மொழி பற்றி ஒரு குறிப்பு. தமிழ்த்துறை மலரில் இதனை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. நாம் ‘கிரிக்கெட்’ என்று கூறிவிட்டு அமைதி கொள்கின்றோம். யாழ்ப்பாணத்தார் ‘துடுப்பாட்டம்’ என்பர். நமது கால்பந்து அங்கே ‘உதைபந்தாட்டம்’. நாம் உயரம் தாண்டுகின்றோம். அவர்கள் உயரம் ‘பாய்கின்றனர்’. கழியை ஊன்றித் தாண்டுவது ‘கோலூன்றிப் பாய்தல்’. விளையாட்டைத் தம் மொழியிலேயே பேசிப் பழகிய ஒரு சமுதாயம் அது என்பதற்கு இச்சொற்களே சான்று.

முதலில் கடல் வீரர்களைக் காண்போம். கோடிக்கரையில் நின்று தென்கிழக்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிவது நீர் மட்டுமே. அந்நீருக்கு அப்பால் ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் வல்வெட்டித்துறையும் தொண்டைமானாறும் உள்ளன. இடையே கிடப்பது பாக்கு நீரிணை. பாய்மரத் தோணிகள் தலைமுறை தலைமுறையாய்ப் போய்வந்த வழி அது. அவ்வழியை ஒருவர் கைகளாலேயே கடக்கலாம் என்று முதன்முதலில் காட்டியவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 மார்ச்சு மாதத்தில் அவர் நீரில் இறங்கி, ஏறக்குறைய 27 மணி நேரம் நீந்தித் தமிழகக் கரையை அடைந்தார்.

அந்தச் செயலின் அருமையை உணர்வதற்கு அக்கடலின் இயல்பை அறிதல் வேண்டும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழம் குறைந்த நீரில் காற்றடித்தால் அலைகள் நீண்டு உருளாமல் குறுகிச் செங்குத்தாய் எழும். நீந்துவோன் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து முகத்தில் அறையும். நீரோட்டமோ பருவக்காற்றோடு திசை மாறுவது. வடகீழ்ப் பருவக்காற்றின்போது ஒருபுறமாகவும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது மறுபுறமாகவும் ஓடும். இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில்தான் கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். நவரத்தினசாமி மார்ச்சைத் தெரிந்தெடுத்தது கடலோரத்தான் ஒருவனின் பட்டறிவு. அப்போதும் நீரோட்டம் முற்றிலும் நிற்பதில்லை. நேர்கோட்டில் முப்பது மைல் என்றால், பக்கவாட்டில் இழுபட்டு நீந்துவோன் கடப்பது அதனினும் மிகுதி. உப்பு நீரில் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தால் நாவும் உதடும் வீங்கும். சொறிமீன் தீண்டிய இடம் தீயாய் எரியும்.

1966 ஏப்ரலில் வங்காளத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்திக் கடந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 25 மணி 36 நிமிடம். அவ்வழி, நவரத்தினசாமி கடந்த வழியினும் குறுகியது. மிகிர் சென்னின் அருஞ்செயலை நாம் குறைத்துரைக்கவில்லை. அவர் உலகக் கடல்கள் பலவற்றை வென்றவர். ஆயினும் இந்தியப் பொது அறிவு நூல்களில் பாக்கு நீரிணை என்றதும் அவர் பெயரே வருகின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நீண்ட வழியில் நீந்தி நம் கரையில் ஏறிய தமிழரின் பெயர் தமிழகத்து மாணவர் பலர் செவிக்கு எட்டவே இல்லை.

நவரத்தினசாமி ஒருமுறை கடந்ததை, போகவும் மீளவும் கடந்து காட்டியவர் வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன். 1943இல் பிறந்த இவர் தொழிலால் வழக்கறிஞர். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திவந்து மீண்டும் தம் ஊருக்கே நீந்திச் சென்றார். மொத்தம் 51 மணி நேரம். மக்கள் அவரை ‘ஆழிக்குமரன்’ என்று அழைத்தனர். பட்டங்கள் மலிந்த நம் நாட்டில் இதுபோல் உழைத்துப் பெற்ற பட்டம் அரிது.

பின்னர் அவர் மனம் கின்னஸ் சாதனைகளின்பால் சென்றது. 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாது மிதிவண்டி ஓட்டினார். 1980இல் ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 1981இல் 80 மணி நேரம் நீரில் மிதந்தபடி கால்களை அசைத்துக்கொண்டிருந்தார். ஒற்றைக்கால் சாதனையை 1982இல் நம் சத்தியமங்கலத்தைச் சேர்ந்த ஒருவர் 34 மணி நேரம் நின்று முறியடித்தார் என்பது சுவையான துணைச்செய்தி. ஒற்றைக்காலில் நிற்பதைத் தவம் என்று சொன்ன நாடு இது. விளையாட்டு என்று சொல்ல நமக்குச் சிறிது தயக்கம் உண்டு. மறைக்காமல் கூறின், பாக்கு நீரிணையை இருமுறை கடந்தவர்க்கு இத்தகைய சாதனைகள் தேவையே இல்லை என்பது நம் கருத்து. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய நாடுகளின் வீரனுக்குப் பயிற்சியாளர், படகு, மருத்துவர், பணம் யாவும் உள. சிறிய ஊரில் பிறந்த ஒருவன் உலகின் கண்களைத் தன்பால் திருப்புவதற்கு அவனிடம் இருப்பவை தன் உடலும் பொறுமையும் மட்டுமே.

1984 ஆகத்து 6ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் குமார் ஆனந்தன் உயிர் நீத்தார். அகவை 41. அக்கால்வாயின் மிகக் குறுகிய அகலம் ஏறத்தாழ 21 மைல்தான். அவர் முன்பு கடந்த கடலைவிடக் குறைவு. ஆயின் தொலைவு அங்கே முதற்பகை அன்று, குளிரே முதற்பகை. ஆகத்து மாதத்திலும் அந்நீர் 15 முதல் 18 பாகை வெப்பமே உடையது. பாக்கு நீரிணையின் நீரோ 28 பாகையை ஒட்டியது. குளிர்ந்த நீர் உடலின் வெப்பத்தைக் காற்றினும் பன்மடங்கு விரைவாகக் கவர்ந்து கொள்ளும். முதலில் விரல்கள் மரக்கும். பின்பு கைவீச்சு தளரும். அதன்பின் அறிவே மயங்கும். உடலை மூடிக் காக்கும் தடித்த நீச்சலுடைக்கு அங்கு விதி இடம் தருவதில்லை. படகைத் தொடுதலும் கூடாது. தொட்டால் முயற்சி முடிந்தது. வெந்நீர்போல் கதகதக்கும் கடலில் வளர்ந்தவர் அத்தகைய நீரில் இறங்கத் துணிந்ததே பெரிது. வல்வெட்டித்துறையில் இன்று அவர் பெயரால் நீச்சல் தடாகம் ஒன்று உள்ளது. கடலில் கற்றவர்க்குக் குளத்தில் நினைவு!

இனி நிலத்துக்கு வருவோம். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்னும் பெயரைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். பெரியவிளான் என்னும் சிற்றூரில் 1934இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்றவர். பதினெட்டு வயது நிறையுமுன்னரே 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் பங்கு கொண்டார்.

இன்று உயரம் தாண்டுவோரைத் தொலைக்காட்சியில் காண்கின்றோம். ஓடிவந்து முதுகைக் குறுக்குத் தண்டுக்குக் காட்டி, வில்போல் வளைந்து, பின்புறமாகப் பஞ்சு மெத்தையில் விழுகின்றனர். இம்முறையைக் கொண்டு அமெரிக்கரான டிக் ஃபாஸ்பரி மெக்சிகோவில் தங்கம் வென்றது 1968இல். அதற்கு மெத்தை இன்றியமையாதது. மணலில் முதுகால் விழுந்தால் கழுத்து முறியும். எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் தண்டுக்கு அப்பால் இருந்தது மணலும் மரத்தூளுமே. எனவே வீரர்கள் பக்கவாட்டில் உருண்டோ, வயிற்றைத் தண்டை நோக்கி வைத்துக் கவிழ்ந்தோ தாண்டிக் கையும் காலும் ஊன்றித் தரையைத் தொட வேண்டியிருந்தது. மேலே எழும் கலையோடு கீழே விழும் கலையையும் கற்றாக வேண்டிய காலம் அது.

1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 2.03 மீட்டர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு வரலாற்றில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே. அப்போட்டி நிகழ்ந்தது மே 24 முதல் ஜூன் 1 வரை. அந்த நாள்களை இலங்கை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போர் திடுக்கிடுவர். 1958 மே 22இல் தொடங்கி அம்மாத இறுதி வரை இலங்கையில் தமிழர்க்கு எதிரான கலவரம் தலைவிரித்தாடியது. மே 27இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. தென்னிலங்கையிலிருந்து தமிழர்கள் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு உயிர்தப்பி வந்தனர். வீட்டில் தமிழர் அடிபட்டுக் கொண்டிருந்த அதே நாள்களில், அயல்நாட்டில் ஒரு தமிழர் அந்நாட்டின் சின்னம் தாங்கிய உடையில் தண்டைத் தாண்டிக் கொண்டிருந்தார்.

இதனை உணர்ச்சியூட்டும் செய்தியாக மட்டும் கொள்ளலாகாது. விளையாட்டு பகையை ஆற்றும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகின்றது. அந்தத் தங்கப் பதக்கம் ஓர் அடியையும் தடுக்கவில்லை. ஆயினும் அவர் தம் நாட்டுக்காகப் பாய்வதை நிறுத்தவும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து 1962இல் ஜகார்த்தாவில் அதே இலங்கைக்காக வெள்ளிப் பதக்கம் வென்றார். அமெரிக்காவில் வேளாண்மைக் கல்வி பயின்று முனைவராகி, பல நாடுகளில் கல்விப்பணி ஆற்றினார். முதுமையிலும் தம் மண்ணின் இளைஞர்களின் விளையாட்டு வளர்ச்சியில் கருத்துச் செலுத்தினார். 2024இல் காலமானார்.

இவ்வீரர்களின் ஊர்க்காரர்களுக்கும் அவர்தம் மைதானங்களுக்கும் நேர்ந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. 1981 மே இறுதி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் அவ்வன்செயலில் எரிந்தது. ஓலைச்சுவடிகள் அழிந்ததை எண்ணி உலகம் வருந்தியது, அது முறையே. ஆனால் ஓர் ஊரில் எந்தக் கழகம் எந்தக் கழகத்தை எத்தனை கோல்களால் வென்றது, எவன் நூறு ஓட்டம் எடுத்தான் என்பன அந்த ஊர் நாளிதழின் பழைய கட்டுகளில் அன்றி வேறெங்கு இருக்கும்? சுவடிகளுக்கு வேறிடத்தில் படி இருத்தல் கூடும். ஊர்ச்செய்திக்குப் பெரும்பாலும் படி இராது.

1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் உஸ்மானியாக் கல்லூரிக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் நகரை விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். பிள்ளைகள் பயின்ற, விளையாடிய இடத்திலேயே அவர்களின் ஊர் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. கையில் கொண்டுசெல்ல இசைந்தது சிறிதளவே. அச்சிறிதளவில் வெற்றிக் கோப்பைக்கும் குழுப் புகைப்படத்துக்கும் இடம் இருந்திருக்குமா? புத்தளம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, தம் தந்தையர் எந்த மைதானத்தில் பந்து உதைத்தனர் என்பது சொல்லக் கேட்ட கதையாயிற்று. யாழ்ப்பாண வீரர்கள் என்று பட்டியல் இடுவோர் இத்தெருக்களின் ஆட்டக்காரர்களையும் தேடிச் சேர்த்தல் வேண்டும்.

நகரின் நடுவே உள்ள துரையப்பா விளையாட்டரங்கு, 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட முன்னாள் நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. போர் ஆண்டுகளில் அது பாழ்பட்டது. 1999இல் அதனைச் செப்பனிட மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் இந்திய அரசின் நிதியுதவியால் புதுக்கப்பட்டு 2016 ஜூன் 18இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அங்கே சிறுவர்கள் ஓடுகின்றனர்.

ஓடுகின்றனர் என்பது வெறும் அணியுரை அன்று. போருக்கிடையே பிறந்து வளர்ந்த தலைமுறை சில பெயர்களைத் தந்துள்ளது. ஏவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் அவர்களுள் தலைமையானவர். உயரம் 208 சென்டிமீட்டர். வலைப்பந்தாட்டத்தில் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். எறிவோரைத் தடுப்பவர் மூன்றடி விலகி நிற்க வேண்டும் என்பது விதி. இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்தால், தலைக்கு மேல் கை உயர்த்திப் பந்தைப் பிடித்து அமைதியாக வளையத்தில் இடும் உயர்ந்த வீராங்கனையைத் தடுத்தல் எத்துணைக் கடினம் என்பது புலனாகும். ஆயினும் உயரம் மட்டும் போதாது. பந்து கைக்கு வரும் இடத்தில் நிற்கும் அறிவும், வந்த பந்தைத் தவறாமல் இடும் குறியும் வேண்டும். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றதில் அவர் பங்கு பெரிது. நெட்டை என்று தெருவில் நகைக்கப்படும் ஒரு பெண்பிள்ளை அவரை நினைத்து நிமிர்ந்து நடக்கலாம்.

தெல்லிப்பழை மகாசனாக் கல்லூரி தந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைத் தேசியச் சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் சுழற்பந்து வீச்சாளர். 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் தம் முதல் ஆட்டத்திலேயே அஞ்சலோ மத்யூசின் விக்கெட்டை வீழ்த்தினார். அதற்கு மறுநாள்தான் அவருக்கு 19 வயது நிரம்பியது. 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணிக்கு ஆடினார். 2024 மே மாதத்தில் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல். களத்தில் இறங்கினார். இவர்களைப் பற்றிய செய்திக்குக் குறைவில்லை. கைப்பேசியைத் தொட்டால் ஓடிவரும். நம் கவலை இவர்களைப் பற்றியதன்று.

கவலை, பெயரின் முதலெழுத்து மட்டுமே மிஞ்சிய பழையவர்களைப் பற்றியது. ‘நூலகம்’ என்னும் மின்னூலக முயற்சி 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் திரட்டிக் கணினியில் ஏற்றி வருகின்றது. அவற்றுள் பள்ளி மலர்கள் விளையாட்டு வரலாற்றுக்குப் பொன்போன்றவை. ஆண்டு மலர் என்றால் அச்சான மறுநாளே பரணில் ஏறும் பொருள் என்று நம்மவர் சிலர் கருதுவதுண்டு. நாளிதழ் எரிந்த ஊரில், எவரோ ஒருவர் பரணில் போட்டு வைத்த மலரே சான்றாக நிற்கின்றது.

நம் கரையிலும் ஒரு வேலை இருக்கின்றது. நவரத்தினசாமி ஏறியதும் ஆனந்தன் தொட்டுத் திரும்பியதும் தமிழகக் கரை. நாகை, வேதாரணியம் பகுதிகளிலிருந்து நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்கள், விடுமுறைக்குச் செல்லும்போது தம் ஊர் முதியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். நீந்தி வந்தவரைக் கரையில் நின்று பார்த்தவர் யார், முதலில் கைகொடுத்துத் தூக்கியவர் யார், அவருக்குக் குடிக்க என்ன கொடுத்தனர் என்று கேட்டு எழுதி வரலாம். 1954இல் பத்து வயதுச் சிறுவனாக அக்கரையில் நின்றவருக்கு இன்று எண்பது கடந்திருக்கும்.